நாக்குக்கு அடியில்

அண்ணனுடைய மாத்திரையை முழுதாகக் கொடுக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். முழுதாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பிறகு துப்பி எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிட முடியுமாம். அதனால் இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, கல்லுப்பு மாதிரி ஆக்கி, நாக்குக்கு அடியில் கொட்ட வேண்டும். கரைகிறவரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. பத்து நிமிடம். கொடுக்கிறவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொடுக்கிறவள் நான்.

வீட்டில் பொறுப்பான ஆள் யார் என்று கிளினிக்கில் கேட்டபோது அம்மா என்னைக் கை காட்டினாள். அதற்கு அவள் சொன்ன காரணம், "இவ எப்பவும் வீட்லதான் இருப்பா." அது உண்மைதான். நான் பத்தாவதோடு நின்றவள். அண்ணனைத் தனியாக விடக் கூடாது, அம்மாவால் வேலையை விட முடியாது, அதனால் ஒரு மாதம் மட்டும் நீ பள்ளிக்குப் போக வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு மாதம் முடிந்தபோது வகுப்பு எங்கேயோ போயிருந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. பள்ளியில் நான் அதிகம் பேசியதில்லை. அதனால் யாரும் என்னைத் தேடிக்கொண்டும் வரவில்லை. இப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா வேலை செய்கிற சட்டைத் தொழிற்சாலையிலிருந்து ஐம்பது ஐம்பதாகக் கட்டு வரும். தையல் முடிந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை பிளேடால் வெட்டிவிட்டு மடித்து வைப்பேன். அதுதான் என் வேலை.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். நாங்கள் இருப்பது நான்காவது மாடி, எங்கள் கட்டிடத்துக்கு லிப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே எங்கள் தெருவில் இல்லை. அண்ணனும் சிரிப்பான். "டாக்டர் வீட்ல எல்லாரும் நோயாளி" என்பான்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கட்டிடத்தின் மோட்டார் அறை ஏணியிலிருந்து விழுந்து அவனுடைய தோள் எலும்பு உடைந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. அந்த டாக்டர் எழுதித் தருவதை நிறுத்தியதும் எழுதித் தருகிற வேறு டாக்டர்களைக் கண்டுபிடித்தான். பிறகு சீட்டே கேட்காமல் கொடுக்கிற ஆட்களைக் கண்டுபிடித்தான். வீட்டிலிருந்து பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. கடைசியாகப் போனது அம்மாவின் தையல் மிஷின். நாலு மாடி அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறான், அந்தத் தோளை வைத்துக்கொண்டு. அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்று அன்றைக்கு மட்டும் அம்மா சொன்னாள்.

மறுவாழ்வு மையத்தில் தொண்ணூறு நாள் இருந்துவிட்டு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் ஒரு தகரப் பெட்டி, அதில் பழைய மாத்திரைக்கான ஏக்கத்தை அடக்குகிற வேறு மாத்திரை அட்டைகள், தினமும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட ஒரு தாள். பெட்டியின் சாவியை என் உள்ளங்கையில் வைத்தபோது அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஏ ஊமைக்கோட்டான், எங்க வேலைல சாவிய யார்கிட்டயும் தர மாட்டோம் தெரியுமா? இது ஒண்ணுதான் தரேன்."

லிப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்கிறவன், ஏறுவதற்கு முன்பு மெயின் சுவிட்சை அணைத்து அதில் ஒரு சிவப்புப் பூட்டைப் போட்டுவிடுவான். ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு தொங்கும். அவரவர் சாவி அவரவர் சட்டைப் பையில். நல்ல எண்ணத்தோடுகூட ஒருவன் பூட்டை இன்னொருவன் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றோடு வேலை போய்விடும். உயிரே போகிற விஷயம் என்பான் அண்ணன்.

அம்மாவின் கம்பெனி பஸ் ஆறு மணிக்கு. அவள் போன பிறகு ஆறரைக்கு நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருவோம். நான் நசுக்கிக் கொட்டுவேன். அவன் வாயை மூடுவான். முறுக்கிவிட்டால் ஓடி மணியடிக்கிற சமையல் டைமர் ஒன்றை நடுவில் வைப்பேன்.

முதல் சில நாள் இருவரும் டைமரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சும்மா இருக்க முடியாமல், எதிர் பால்கனிக்காரர் பேன்ட் போடாமலே சட்டைக்கு இஸ்திரி போடுகிறார் என்று சொன்னேன். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறக்க முடியாது. மூக்கால் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. டைமர் மணியடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "சாக்ஸாவது போட்டிருந்தாரா?"

போட்டிருந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. யாராவது என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அதற்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பதில் சொல்ல முடியாத ஒருவன் எதிரில் உட்கார்ந்ததும் எனக்கு வாய் வந்துவிட்டது. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடியிருக்கும் பழுப்புப் பூனையைப் பற்றிச் சொன்னேன். சட்டைக் கட்டில் பட்டன் துளையே இல்லாமல் வந்த ஒரு சட்டையைப் பற்றிச் சொன்னேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனதைச் சொன்னேன். அவன் புருவத்தை உயர்த்துவான், தலையாட்டுவான். மணி அடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பான். நான் சொன்னதிலேயே எது முக்கியமோ அதைத்தான் கேட்பான். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு நாலு மாடி இறங்கிப் போய்விடுவான். அந்தக் கேள்விக்காகவே நாள் முழுக்கச் செய்தி சேர்த்துவைப்பேன். மற்ற நேரமெல்லாம் வீட்டில் பிளேடு நூலை அறுக்கிற சத்தம் மட்டும்தான்.

இப்படி ஒரு மாதம் போனபோது பெரியம்மா வந்தாள்.

பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை உண்டு. பெரியப்பா இருபது வருடம் குடித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தியவர். மாத்திரையா, மையமா, ஒன்றும் கிடையாது. அவருக்கு இருந்த மன உறுதி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே என்று ஆரம்பித்தாள். பெரியப்பா அன்றிலிருந்து சிரிப்பதையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். இது எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். ஒரு வருடம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா சொன்னாள்.

"அப்போ இவன் விடவே இல்லடி. கடைய மாத்தியிருக்கான், அவ்ளோதான்" என்றாள் பெரியம்மா.

அம்மா வென்னீரில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றே செய்கிற வேலை.

கிளினிக்கில் இதற்குப் பதில் சொல்லியிருந்தார்கள். அங்கே இருக்கிற ஆலோசகர் அக்கா தடிமனான கண்ணாடி போட்டிருப்பார். குடும்பத்தாரை வட்டமாக உட்காரவைத்து அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "இத எப்போ விடப்போறேன்னு என்னை யாரும் கேட்டதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது புரிந்தது. பெரியம்மா பேசினபோது புரிந்ததெல்லாம் போய்விட்டது. கடையை மாற்றியிருக்கிறான் என்ற சொல் மட்டும் சட்டையில் ஒட்டின நூல் மாதிரி என் மேலேயே இருந்தது.

மறுநாள் காலையில் நசுக்குவதற்கு முன்பு, அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்று, மாத்திரையின் ஓரத்தை பிளேடால் ஒரு சீவு சீவினேன். கடுகளவு. மீதியை நசுக்கிக் கொடுத்தேன். அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் ஆகவுமில்லை. அன்றைக்கும் கேள்வி கேட்டான், படி இறங்கிப் போனான்.

சீவின துண்டை எறிய மனம் வரவில்லை. பழைய பட்டன் டப்பா ஒன்று இருந்தது. அதில் போட்டு வைத்தேன். ஒரு நாள் அந்த டப்பாவை அவன் முன்னால் வைத்து, பார் அண்ணா, இவ்வளவும் இல்லாமலே நீ இருந்திருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெரியம்மாவும் இருக்க வேண்டும். இப்படியெல்லாம் யோசித்தேன். இன்னொன்றும் யோசித்தேன். அதையும் மறைக்கக் கூடாது. அவனுக்கு மாத்திரை வேண்டியிராமல் போனால், வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டிய அவசியமும் போய்விடும். அப்போது நான் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு எங்காவது போகலாம்.

கடுகு மிளகானது. மூன்று வாரத்தில் கால் மாத்திரை. ஐந்து வாரத்தில் பாதி. பிசிறு வெட்டிப் பழகின கை என்பதால் துண்டு சுத்தமாக விழும். தாளில் தினமும் டிக் போட்டேன். "அளவு முழுமையாகக் கொடுக்கப்பட்டது" என்று அச்சடித்திருந்த வரிக்கு எதிரில் என் கையெழுத்து.

முதலில் வந்தது கொட்டாவி. மாத்திரை வாயில் இருக்கும்போதே கொட்டாவி வரும், வாயைத் திறக்காமல் அதை அடக்க அவன் படுகிற பாடு வேடிக்கையாகக்கூட இருந்தது. பிறகு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வெயில் காலத்தில் போர்வை கேட்டான். படுக்கையில் காலை உதைத்துக்கொண்டே இருந்தான். பூனைக்கு வயிறு தரையைத் தொடுகிறது என்று நான் சொன்ன நாளில் மணி அடித்தது, வாயைக் கொப்பளித்தான், ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். மறுநாளும் கேட்கவில்லை.

எனக்கு அவன் மேல் சந்தேகம் வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிளேடைக் கையில் வைத்திருக்கிற எனக்கே, இவன் மறுபடியும் வெளியில் எதையோ தொட ஆரம்பித்துவிட்டான் என்றுதான் தோன்றியது. முதல் மூன்று வாரம் குறைத்தும் நன்றாகத்தானே இருந்தான். அதனால் உடம்புக்கு அது வேண்டியிருக்கவில்லை என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். அவன் குளிக்கிற நேரத்தில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். பூட்டுச் சாவியும் ஒரு பென்சிலும் இருந்தன.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ரேடியோ அவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரேடியோ அண்ணனோடு ஜோடியாக வேலை செய்கிறவன். அணைக்கிறதற்கு எங்கேயும் சுவிட்ச் இல்லாததால் அந்தப் பெயர். அன்றைக்கு அவன் பேசவில்லை. அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்காரவைத்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டுத்தான் சொன்னான். அண்ணன் லிப்ட் பெட்டியின் மேலே நின்றிருந்திருக்கிறான், ஆறாவது மாடி உயரத்தில். கை வேர்த்து ஸ்பானர் நழுவி நேராகக் கீழே குழியில் விழுந்தது. குழியைத் துடைத்துக்கொண்டிருந்த ரேடியோ வாளியை எடுக்க அப்போதுதான் வெளியே ஏறியிருக்கிறான். உடம்பு சரி என்று டாக்டர் சீட்டு இல்லாமல் வேலைக்கு வராதே என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

"ஒரு நிமிஷம் முன்னாடின்னா, இப்போ இவன் எங்க வீட்டுப் படிய ஏறிக்கிட்டிருப்பான், என் பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு" என்றான் ரேடியோ. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கிளம்பும்போது அண்ணனின் தோளைத் தட்டப்போய், உடைந்த தோள் என்று நினைவு வந்து, கையை எடுத்துக்கொண்டான்.

அம்மாவுக்குச் செய்தி போய், அம்மா பெரியம்மாவுக்குச் சொல்லி, சாயங்காலம் இருவரும் சேர்ந்து அண்ணனின் மெத்தையைப் புரட்டினார்கள். தலையணை உறையைக் கழற்றினார்கள். ஷூவுக்குள் கைவிட்டார்கள். அவன் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை, மெத்தையைத் தூக்க அம்மா சிரமப்பட்டபோது, அவனே வந்து ஒரு பக்கம் பிடித்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் நன்றாக ஒளித்திருக்கிறான் என்றாள் பெரியம்மா. மறுபடியும் மையத்துக்கு அனுப்புவது என்று முடிவானது. இந்தத் தடவை ஆறு மாதம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் வரும். ஆறு மாதம் வேலையை யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் மறுக்கவில்லை. அம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னான்.

"நான் இன்னும் எதையும் தொடலம்மா. ஆனா உடம்பு கேக்குது, பழைய மாதிரியே கேக்குது. இப்படியே விட்டா அடுத்த வாரம் தொட்டுடுவேன். அதுக்கு முன்னாடி போயிடுறேன்."

அம்மா நம்பவில்லை. முன்பும் இதே குரலில் அவன் பொய் சொல்லியிருக்கிறான். அவள் அவன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை நாள்தான். அரை நாள் விடுப்புக் கேட்டு, கிடைக்காமல், ஆறு மணிக்குக் கிளம்பினாள். ஏழரைக்குப் பெரியம்மா வந்து வேன் ஏற்றிவிடுவதாகப் பேச்சு. வாசலில் நின்று அவன் கன்னத்தில் கை வைத்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பஸ் ஹாரன் கேட்டது.

ஆறரைக்கு எப்போதும் போல உட்கார்ந்தோம். எப்போதும் போலப் பாதியை வெட்டி டப்பாவில் போட்டுவிட்டு மீதியை நசுக்கி எடுத்து வந்தேன். அவன் நாக்கைத் தூக்கினான். கொட்டினேன். டைமரை முறுக்கினேன்.

கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. இனி ஆறு மாதம் பார்க்க முடியாதே என்று நான் அவனை நன்றாகப் பார்த்தேன். கையில் மயிர் சிலிர்த்து நின்றது. உரித்த கோழித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. பிறகு கண்ணைப் பார்த்தேன். அவ்வளவு வெயிலில் கண்ணின் கருமணி விரிந்து, பெரிதாக, கறுப்பாக இருந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கிளினிக் கொடுத்த ஒரு தாள் முதல் நாளிலிருந்து ஒட்டியிருக்கிறது. தினமும் பார்த்துப் பார்த்து அது கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. அண்ணனின் தலைக்குப் பின்னால் அது இருந்தது. அதில் இரண்டு கண் படம். ஒன்றில் கருமணி குண்டூசித் தலை அளவு: வெளியில் எதையாவது எடுத்திருந்தால் இப்படி இருக்கும். இன்னொன்றில் அகலமான கருமணி: மருந்து போதாமல் இருந்தால் இப்படி இருக்கும். அதற்குக் கீழே, கொட்டாவி, மூக்கு ஒழுகல், வேர்வை, சிலிர்ப்பு, கால் உதறல்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் எதையும் தொடவில்லை.

டைமரில் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நான் எழுந்து போய்ப் பட்டன் டப்பாவை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்துத் திறந்தேன். வெள்ளைத் துண்டுகள். அவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரியவில்லை.

"நான்தாண்ணா. நான்தான் குறைச்சேன். நீ எதையும் செய்யல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டேன். இப்போ பாதிதான் உன் வாயில இருக்கு."

அவன் வாய் திறக்கப் போனது. உதடு பிரிந்தது. நான் பயந்துபோய் டைமரைக் காட்டினேன். அந்த நேரத்தில்கூட விதியைக் காப்பாற்றுகிறவள் மாதிரி. உதட்டை மூடிக்கொண்டான். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான். பிறகு மணி அடிக்கிறவரை நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். நான் பெரியம்மா சொன்னதைச் சொன்னேன். டப்பாவை எதற்குச் சேர்த்தேன் என்று சொன்னேன். கதவைப் பூட்டிக்கொண்டு எங்காவது போக ஆசைப்பட்டதைச் சொன்னேன். சட்டைப் பையைத் தடவினதையும் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்தபோது டைமரில் மூன்று நிமிடம் மீதி இருந்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது அழுகையா, மருந்து போதாததால் வருகிற தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று நிமிடம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. எழுந்து துப்பிவிட்டுப் போயிருக்கலாம். டப்பாவை என் முகத்தில் எறிந்திருக்கலாம். அந்தப் பாதியாவது முழுதாகக் கரையட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

மணி அடித்தது. போய் வாயைக் கொப்பளித்தான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"எத்தன நாளா?"

"நாப்பத்தோரு நாள்."

"புதன்கிழம நான் லிப்ட் மேல நின்னேன். ரேடியோ கீழ இருந்தான்."

அவ்வளவுதான் சொன்னான். கத்தவில்லை. வந்து, என் முன்னால் கையை நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தகரப் பெட்டியின் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

ஏழரைக்குப் பெரியம்மா வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. கிளினிக் வாசலில் டாக்டர் அம்மா வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம், பட்டன் டப்பாவோடு. டாக்டர் அம்மா துண்டுகளைத் தாளில் கொட்டிப் பார்த்தார். அண்ணனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள், அவனுடைய மருந்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மையத்துக்குப் போகத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். என்னை ஆலோசகர் அக்கா தனியறையில் உட்காரவைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நீ எப்படி இருக்கேம்மா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் காத்திருந்தார். பிறகு அடுத்த ஆள் கதவைத் தட்டினார்.

இனி அண்ணன் தினமும் வேலைக்குப் போகிற வழியில் கிளினிக் ஜன்னலிலேயே மருந்து எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடானது. நர்ஸ் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது, அன்றைக்கு மட்டும் ஒரு மாத்திரை கையில் கொடுப்பார்கள். தாளில் "பொறுப்பாளர்" என்று இருந்த இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு அண்ணனுடைய பெயரையே எழுதினார்கள்.

அம்மா அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டாள். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றாள். எப்போது சொல்லியிருக்கலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பிறகு அண்ணனின் பையிலிருந்து மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். கடைசிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பெரியம்மா வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் அண்ணன் வேலைக்குத் திரும்பினான். கொட்டாவி போனது, போர்வை போனது. ஆறே காலுக்கே வீட்டிலிருந்து கிளம்பிவிடுவான். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பாடு இருக்கா, சட்டை காஞ்சிடுச்சா, நான் வரேன். ஆறரைக்கு நான் மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். இரண்டு கரண்டியையும் கழுவிக் கவிழ்த்திருந்தேன், எடுக்க வேலையில்லை. ஒருநாள் டைமரை முறுக்கிவிட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் யாருமில்லாமலும் ஓடத்தான் செய்கிறது.

தகரப் பெட்டி அதே அலமாரியில்தான் இருந்தது. அதில் இப்போது அவனுடைய சிவப்புப் பூட்டு தொங்கியது. கம்பெனியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதைக் கொண்டுவந்திருந்தான். சுரண்டிப்போன சிவப்பு. வேலைக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு அவன் அதைத் திறந்து, மாத்திரையை எடுத்துக்கொண்டு, மொட்டைமாடிக்குப் போய்விட்டான். இரண்டாவது ஞாயிறும் அப்படித்தான். அம்மா தூங்குகிற நாள் அது. நான் கீழே சட்டைகளோடு இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு மழை. சமையலறைக்கு வந்து, கவிழ்த்திருந்த கரண்டிகளை அவனே எடுத்து, அவனே நசுக்கினான். அங்கே எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளி அறைக்குப் போக எழுந்தேன். பின்னால் மேசையில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். வாயை மூடியிருந்தான். எதிர் நாற்காலியைக் கரண்டியால் காட்டினான்.

உட்கார்ந்தேன். அவன் டைமரை முறுக்கி நடுவில் வைத்தான். இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மழைச் சத்தமும் டைமர் சத்தமும் மட்டும் கேட்டன. அவன் என்னைப் பார்க்கவில்லை, டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மடியில் இருந்த சட்டையின் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம் போனது. எட்டு போனது. மணி அடிக்கப்போகிற நேரத்தில், காலரைப் பார்த்தபடியே, மாடித் தொட்டிக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று சொன்னேன்.

அவன் தலையாட்டவில்லை. மணி அடித்தது. எழுந்து வாயைக் கொப்பளித்தான், தண்ணீர் குடித்தான். தகரப் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ரேடியோ வீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தான். வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டினான். குடையை எடுத்தான். கதவைத் திறந்து வெளியே போய்விட்டான். ஷூ சத்தம் படியில் இறங்கியது, பிறகு நின்றது.

"எத்தன குட்டி?"

"நாலு" என்றேன். ஒன்று கறுப்பு என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் சத்தம் மூன்றாவது மாடியைத் தாண்டியிருந்தது.